சீனியரின் கோப்புறை

மலேசியப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் படிக்கும் தமிழ் மாணவர்களிடையே கைமாறி வரும் ஒரு சொத்து உண்டு. முன்பு அது பென்டிரைவில் இருந்தது. பிறகு கூகள் டிரைவுக்குக் குடிபெயர்ந்தது. பழைய அசைன்மென்ட்டுகள், லேப் அறிக்கைகள், தேர்வுத்தாள்கள் எல்லாம் பாட வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். பட்டம் வாங்கிப் போகிற சீனியர் அதை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். யாரும் இதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. 'நம்ம பிள்ளைங்க' கஷ்டப்படக்கூடாது என்கிற அக்கறைதான் அது.

எனக்கு அந்த அக்கறையைப் பற்றித்தான் ஒரு கேள்வி. முதலாண்டு புரோகிராமிங் அசைன்மென்ட்டைக் கேட்டு வரும் தம்பிக்கோ தங்கைக்கோ அந்தக் கோப்புறையைக் கொடுப்பது உதவியா?

கேட்கிறவர் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது உண்மையில்லை. ஒரே லேபில், எஸ்பிஎம்மிலேயே கணினி அறிவியல் எடுத்தவரும் உட்கார்ந்திருப்பார். பத்தொன்பது வயதில்தான் முதன்முதலாக ஒரு நிரலைப் பார்ப்பவரும் உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் ஒரே கேள்வி, ஒரே கெடு, ஒரே புள்ளி. இரண்டாமவர் வார இறுதியில் எங்காவது பகுதி நேர வேலைக்கும் போய்க்கொண்டிருக்கலாம். முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கடனிலிருந்து விலக்குப் பெற வாய்ப்புண்டு என்பதால், சராசரிப் புள்ளி அவருக்கு வெறும் கௌரவம் அல்ல, ரிங்கிட் கணக்கு. ஓட்டத்தைத் தாமதமாகத் தொடங்கியவரைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிடுவது நியாயம்தானே என்று சீனியர் கேட்டால், அந்தக் கேள்வியை என்னால் தட்டிக்கழிக்க முடியாது.

பல்கலைக்கழகத்தின் பதில் வேறு. காப்பியடிப்பது குற்றம், அவ்வளவுதான். பிடிப்பதற்குக் கருவிகள் இருக்கின்றன. 1994இல் அமெரிக்காவில் அலெக்ஸ் அய்க்கன் உருவாக்கிய 'மோஸ்' என்ற மென்பொருள் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மாறிகளின் பெயரை மாற்றுவது, இடைவெளி விடுவது, குறிப்புகளை அழிப்பது எல்லாம் அதனிடம் செல்லாது. நிரலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எடுத்து, ரேகைகளை ஒப்பிடுகிறது. ஆனால் இரண்டு நிரல்கள் ஒத்திருக்கின்றன என்று மட்டுமே மோஸ் சொல்லும். அது தவறா, தவறென்றால் ஏன் தவறு என்பதை மனிதர்கள்தான் சொல்லியாக வேண்டும்.

திருட்டு என்று சொல்வது எனக்குப் பொருந்தவில்லை. உடையவரே மனமுவந்து கொடுத்தார். கொடுத்த பிறகும் அவரிடம் அது அப்படியே இருக்கிறது. பொய் என்று சொல்லலாம். அடுத்தவர் செய்ததற்கு மேல் தன் பெயரைப் போடுவது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் யாருக்கு என்ன போகிறது என்பது அப்போதும் தெரிவதில்லை.

அசைன்மென்ட் என்பது என்ன பண்டம் என்று பார்க்கலாம். ஐந்து புள்ளிகளை வாங்கிச் சராசரி கண்டுபிடிக்கிற நிரல் லெக்சரருக்குத் தேவையில்லை. வருடாவருடம் நூற்றுக்கணக்கில் வருகிறது; புள்ளி போட்ட பிறகு அதை யாரும் இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பதில்லை. நாசி லெமாக் கட்டுகிறவருக்கு ஒரு பொட்டலமாவது மிஞ்சும். இங்கே அதுவும் இல்லை. இந்த வேலையில் ஏதாவது மிஞ்சுகிறது என்றால், அதைச் செய்தவரிடம் ஏற்படும் மாற்றம்தான்.

அது என்ன மாற்றம்? சி மொழியில் ஐந்து எண்களை ஓர் அணியில் வைத்தால், இடங்கள் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. புதியவர் லூப் எழுதும்போது 'ஐந்தைவிடக் குறைவு' என்று போட வேண்டிய இடத்தில் 'ஐந்து அல்லது அதற்குக் குறைவு' என்று போட்டுவிடுவார். சி மொழி பெரும்பாலும் அதைத் தடுக்காது. இல்லாத ஆறாவது இடத்துக்குப் போய், நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். அங்கே பூஜ்யம் கிடந்தால் விடை சரியாகவே வரும்! மறுநாள் லேப் கணினியில் ஓட்டினால் சராசரி பல ஆயிரத்தில் வந்து நிற்கும். இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த ஒற்றைக் குறியைக் கண்டுபிடித்தவருக்கு ஒன்று புரிந்திருக்கும்: விடை சரியாக வருவதும் நிரல் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. பாலம், மருந்து, கணக்கு எதையும் நம்பி ஒப்படைக்கப்போகிற ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. கோப்புறையில் இருக்கும் நிரலில் அந்தக் குறி ஏற்கெனவே சரியாக இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு மணி நேரம் அதில் இல்லை.

"பார்த்துட்டு நானே செஞ்சிடுவேண்ணே" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுகிறவரைச் சிறுவயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம்மில் எத்தனை பேருக்கு வீச வரும்? சரியானதைப் பார்த்தால் புரிந்தது போல இருக்கும். அடையாளம் கண்டுகொள்வதைத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடுகிறோம்.

இங்கே ஒரு நல்ல எதிர்வாதம் வரும். வேலைக்குப் போனால் எல்லாரும் எடுத்துத்தானே போடுகிறோம்? உண்மை. நானும் தினமும் அடுத்தவர் எழுதிய நிரலை எடுத்துப் பயன்படுத்துகிறவன்தான். இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறவரைப் பாராட்ட மாட்டார்கள், திட்டுவார்கள். ஆனால் எடுப்பதற்கும் ஒரு தெளிவு வேண்டும். 1996 ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் சுமார் 40 வினாடிகளிலேயே சிதறியது. அதன் வழிகாட்டும் மென்பொருளின் ஒரு பகுதி ஏரியன் 4இலிருந்து எடுக்கப்பட்டது. பழைய ராக்கெட்டில் அது ஒழுங்காகவே வேலை செய்தது. புதியது வேகமானது, 16 பிட் இடத்தில் அடங்காத பெரிய எண் வந்தது, கணக்கு உடைந்தது. எடுத்தது குற்றமில்லை. அந்த நிரல் எந்த நிபந்தனைகளை நம்பி எழுதப்பட்டதோ, அவை புதிய இடத்திலும் இருக்கின்றனவா என்று யாரும் சரிவரப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கத் தெரிவதற்குத்தான் முதலாண்டில் ஒருமுறையாவது தானே எழுதித் தடுமாற வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சீனியர் கைகட்டி நிற்க வேண்டுமா? ஹார்வர்டின் 'சிஎஸ்50' அறிமுகப் பாடத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. உதவி கேட்கும்போது உன் நிரலை நண்பரிடம் காட்டலாம். அவருடையதை நீ பார்க்கக்கூடாது. முதலில் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. யோசித்தால், உதவிக்கு ஒரு திசை இருக்கிறது என்று அந்த விதி சொல்கிறது. உதவுகிறவர் தன் சரியான விடையைக் கொண்டுவருவதில்லை. கேட்கிறவரின் தவறுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்கிறார்.

நான் படித்தபோது அப்படி ஒரு சீனியர் இருந்தார். கோப்புறையைக் கொடுக்க மாட்டார். கர்வம் பிடித்தவர் என்று பேர். ஆனால் வியாழக்கிழமை இரவுகளில் ஹாஸ்டல் கஃபேயில் இருப்பார், யாரும் போகலாம். கீபோர்டைத் தொடவே மாட்டார். "லூப் ஒவ்வொரு சுத்துலயும் ஐயோட மதிப்பு என்ன? பிரிண்ட் பண்ணிப் பாரு" என்பார். பார்த்துச் சொன்னால், "அடுத்த சுத்துல என்ன வரும்? ஓட்டாம சொல்லு" என்பார். போனவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வாரமே நின்றுவிட்டார்கள். விடாமல் போன ஒருவர் அந்தப் பாடத்தில் தோற்றே போனார், மறுபடி எடுத்தார். அவர் செய்தது எல்லாருக்கும் பலித்தது என்று கதை கட்ட நான் விரும்பவில்லை. ஆனால் அவர் கொடுத்தது அவருடைய வியாழக்கிழமை இரவு. கோப்புறையின் இணைப்பை அனுப்ப ஒரு நிமிடம் போதும். கோப்புறை புள்ளியைச் சமப்படுத்தியது. பின்தங்கல் அப்படியே இரண்டாம் ஆண்டுக்குப் போய், டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் வட்டியோடு காத்திருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சீனியரின் கோப்புறைக்கு மவுசு குறைந்துவிட்டது. இப்போது யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, யாருக்கும் நன்றிக்கடன் இல்லை. கோப்புறையில் குறைந்தபட்சம் ஓர் அண்ணனோ அக்காளோ இருந்தார்கள், என்றைக்காவது கேன்டீனில் பார்க்கும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கும் இப்போது ஆள் இல்லை.

பல்கலைக்கழகத்தையும் இதில் விட்டுவிட முடியாது. மூன்றாவது வாரத்திலேயே புள்ளியை வைத்து, தவறினால் தண்டனை என்று ஆக்கிவிட்டு, பிறகு ஏன் மாணவர்கள் தவறு செய்யப் பயப்படுகிறார்கள் என்று கேட்பதில் நேர்மையில்லை. முதல் சில வாரங்களுக்குப் புள்ளியே வேண்டாம். லேபில் கூடுதலாக இரண்டு தியூட்டர்களை உட்கார வையுங்கள் என்றால் பணமில்லை என்பார்கள். மோஸ் ஓட்டுவது மலிவு.

எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதாகத் தோன்றும் சீனியரும் பல்கலைக்கழகமும் ஒரே வேலையைத்தான் தவிர்க்கிறார்கள். ஒருவர் கொடுத்துவிட்டுப் போகிறார். இன்னொருவர் பிடித்துவிட்டுப் போகிறார். முதன்முதலாக நிரல் எழுதித் தவறுகிற ஒரு பிள்ளையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார இருவருக்கும் நேரமில்லை. 'நம்ம பிள்ளைங்க' என்று சொல்வது உண்மையென்றால், அந்த நேரத்தைத்தான் நாம் கொடுக்க வேண்டியிருக்கிறது.