கடிதம் யாருடையது?

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எங்கள் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் ஒரு கடிதத்தை ஊரறிய வெளியிட்டார். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த எம்.எம். அப்துல்லாதான் அவர். ரயில்களில் கொடுக்கப்படும் உணவின் தரத்தையும் சுத்தத்தையும் பற்றி அவர் கேட்டிருந்தார். ரயில்வே இணை அமைச்சர் ரவ்நீத் சிங் பிட்டு அதற்கு இந்தியில் பதில் அனுப்பினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று இவர் தமிழில் மறுகடிதம் எழுதி, வந்ததையும் போனதையும் சேர்த்துச் சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டார்.

மொழியைப் பற்றி நாடெங்கும் விவாதம் நடந்தது. ஆனால், பிறர் எழுதிய கடிதத்தை இப்படி அம்பலத்தில் வைக்கலாமா என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லைதான். பதவியில் இருக்கிற ஒருவர், பதவியில் இருக்கிற இன்னொருவருக்கு, பொதுக் காரியமாக எழுதியது அது. அதில் என்ன அந்தரங்கம் இருக்கிறது?

சரி, அமைச்சரின் கடிதத்தை உறுப்பினர் வெளியிடலாம் என்றால், உறுப்பினரின் கடிதத்தை வாக்காளர் வெளியிடலாமா?

அறந்தாங்கிப் பக்கத்து நண்பர் ஒருவர் அண்மையில் இந்தக் கேள்வியை என்னிடம் போட்டார். சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு எழுதிய பதில்களையெல்லாம் சேகரித்துப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி இணையத்தில் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்கிறார் அவர். ஒரே ஏரியைத் தூர்வாருவதாக எத்தனை பேருக்கு எத்தனை வருஷங்களாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு நாளில் தெரிந்துவிடுமாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. 'ஆவன செய்யப்படும்' என்ற இரண்டு சொற்களைப் போல உழைத்துக் களைத்த சொற்கள் தமிழில் வேறு இருக்குமா என்பது சந்தேகமே!

கடிதத்தின் சொந்தக்காரர் யார் என்ற வழக்கு பழையது. 1741-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அலெக்ஸாண்டர் போப் என்ற கவிஞர், தம் கடிதங்களை அச்சிட்ட எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர்மீது வழக்குத் தொடுத்தார். காகிதம் பெற்றவருக்குச் சொந்தம். எழுத்தை அச்சிடும் உரிமை எழுதியவருக்குச் சொந்தம் என்று நீதிபதி ஹார்டுவிக் பிரபு பிரித்துக் கொடுத்தார். கவிஞருக்குப் பொருந்துகிற நியாயம் அது. அசோகச் சின்னம் பொறித்த தாளில், மக்கள் கொடுத்த பதவியின் பெயரால் கையெழுத்திடுகிறவர், 'இது என் சொந்த எழுத்து' என்று எந்த முகத்தோடு சொல்வார்?

திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி 1943-ல் காலமானார். அவருடைய கடிதப் போக்குவரத்து நூலாக வெளிவந்தது, பல ஆண்டுகள் கழித்துத்தான். அந்த இடைவெளி எழுதியவரைக் காப்பாற்றியது, எழுதப்பட்டவரையும் காப்பாற்றியது. இன்று அந்த இடைவெளி ஒரு சாயங்காலம்கூட இல்லை.

நான் தயங்குவதும் இங்கேதான். எழுதிய உறுப்பினருக்காக அல்ல, மனுக் கொடுத்தவருக்காக. விதவை ஒருத்தி தன் மகனுடைய நோயைச் சொல்லி உதவி கேட்கிறாள். பதில் வருகிறது. அதன் முதல் வரியே, 'தங்கள் மகனுக்கு ஏற்பட்டுள்ள இன்ன வியாதி குறித்து' என்றுதான் ஆரம்பிக்கும். வாக்குறுதி அவருடையது, வியாதி அவளுடையது. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. பெயரை மை பூசி மறைத்துவிடலாம் என்கிறார் நண்பர். பட்டணத்தில் அது போதும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வியாதியின் பெயரையும் தெருவின் பெயரையும் சொன்னால் போதும், ஆள் யார் என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். நாளைக்கு அந்தப் பையனுக்குப் பெண் கேட்டுப் போகும் இடத்திலும் அந்தக் கடிதம் இவர்களுக்கு முன்னால் போய் நிற்கும். ஆகவே, வெளியிடுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்தியே. நாட்டு நன்மை என்று சொல்லி அவளை வற்புறுத்த நண்பருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

எல்லாம் வெளியாகும் என்று தெரிந்தால், 'இது என்னால் முடியாது, அம்மா' என்று உண்மையை எழுதுகிற ஒன்றிரண்டு பேரும் எழுதாமல் போய்விடுவார்களே என்று ஓர் ஆட்சேபம் உண்டு. இருக்கலாம். ஆனால், அந்த ஒன்றிரண்டு பேருக்காக மற்ற எல்லோரையும் இருட்டில் விட்டுவைப்பது எனக்குச் சம்மதமில்லை.

எனக்குள்ள பெரிய சந்தேகம் வேறு. இந்தச் சேகரத்துக்கு எந்தக் கடிதங்கள் வந்து சேரும்? பலிக்காத கடிதங்கள்தாம் வரும். பலித்த கடிதம் வருமா? கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினரும் ஆண்டுக்குப் பத்துக் குழந்தைகளைச் சேர்க்கச் சிபாரிசு செய்யலாம் என்ற ஏற்பாடு 2022-ல் நீக்கப்படும்வரை இருந்தது. சட்டப்படி நடந்த காரியந்தான். ஆனால் அப்படி எழுதப்பட்ட ஒவ்வொரு கடிதத்துக்கும் பின்னால், கடிதம் வாங்கத் தெரியாத ஒரு தகப்பன் பள்ளிக்கூட வாசலில் நின்றிருப்பான். அவன் படித்துப் பார்த்திருக்க வேண்டிய கடிதம் அது. அதை வாங்கியவரோ பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார். ஏரி தூர்வாரப்படும் என்று வந்த கடிதத்தை மட்டும் எடுத்து, தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நண்பரிடம் நீட்டுவார்.