"வழுக்கி விழுந்தேன்"



இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வருகிறாள். முன்கை எலும்பு முறிந்திருக்கிறது. கழுத்தில் விரல்கள் பதிந்த அடையாளம் இருக்கிறது. "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்கிறாள். சொல்லும்போது அவள் கண் டாக்டர்மேல் இல்லை. பக்கத்தில் நிற்கும் கணவன்மேல் இருக்கிறது. டாக்டருக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. இப்போது அவருடைய கடமை யாது? அவள் சொன்னதை எழுதிக்கொண்டு, கட்டுப்போட்டு அனுப்பிவிடுவதா? அவள் வேண்டாமென்றாலும் போலீசுக்குத் தெரிவிப்பதா?

அடிதடிக் காயம் என்று தெரிந்தால், அதை விபத்துப் பதிவேட்டில் பதிந்து போலீசுக்குத் தகவல் அனுப்புவது நம் ஆஸ்பத்திரிகளின் வழக்கம். ஆனால் "விழுந்தேன்" என்ற ஒரே சொல் அந்த வழியை அடைத்துவிடுகிறது.

அவள் ஏன் அப்படிச் சொல்லுகிறாள்? பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவன் அவன்தான். போலீஸ் வந்து போனபின் அதே வீட்டில்தான் அவள் படுக்க வேண்டும். இந்த அச்சம் வீணான அச்சமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனாலே போலீஸ் வரும் என்றால், மறுமுறை அவள் காயத்தோடு வீட்டிலேயே கிடப்பாள். ஆனால் மௌனத்துக்கும் விலை உண்டு. கழுத்தை நெரித்தல் பிற்பாடு நேரும் கொலைக்கு முன்னறிகுறி என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

சட்டம் இங்கே ஒரு நடுவழி காட்டுகிறது. போலீஸ் காரியங்களுக்காகச் சிகிச்சை தாமதிக்கக் கூடாது, உயிரைக் காப்பதே முதற்கடமை என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதன் விதிகளின்படி, புகார் இல்லை என்று சொல்லி எந்த ஆஸ்பத்திரியும் அவளைத் திருப்பி அனுப்பலாகாது. குடும்ப வன்முறை அறிக்கை ஏற்கெனவே எழுதப்படவில்லையென்றால், ஆஸ்பத்திரியின் பொறுப்பாளரே அதை எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகலை அவளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

ஆகையால் டாக்டரின் கடமை இதுவென்று நமக்குத் தோன்றுகிறது. முதலில் கணவனை வெளியே இருக்கச் சொல்லி, அவளைத் தனியே கேட்க வேண்டும். அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவும், தம் கண் கண்டதைத் தனியாகவும் எழுத வேண்டும். அவள் அச்சத்தினால் சொன்ன பொய்யைத் தம் சாட்சியாக எழுதுவது கருணையல்ல. நாளை அவள் நீதி கேட்டுப் போகும்போது அந்தக் காகிதமே அவளுக்கு விரோதமாக நிற்கும். உயிருக்கு ஆபத்து என்று கண்டால் போலீசுக்குத் தெரிவிக்கத்தான் வேண்டும். ஆனால் அவளுக்குச் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் செய்யலாகாது. இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லி, அன்றிரவு அவள் தங்க ஓர் இடமும் பார்த்துக் கொடுத்துச் செய்ய வேண்டும்.

இதெல்லாம் டாக்டர்களின் காரியம், நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். "வழுக்கி விழுந்தேன் என்று சொல்" என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? குடும்ப மானம் போகும் என்ற மாமியார். தங்கைகள் கல்யாணத்துக்கு இருக்கிறார்களே என்ற தாய். சுவருக்கு அப்பால் அலறல் கேட்டும் விளக்கை அணைத்துப் படுத்த நாம். அது உன் சிலுவை, பொறுத்துக்கொள் என்று புத்தி சொன்னவர்களும் நம்மில் உண்டு. பிறன் கையில் தடியைக் கொடுத்துவிட்டு, அடிபடுகிறவளுக்குப் பொறுமையை உபதேசிப்பது எந்த தர்மம்?

அக்கம்பக்கத்தார் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம் என்று அதே சட்டம் கூறுகிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் உதவி கிடைக்கும்.

இன்றிரவு அடுத்த வீட்டிலிருந்து சத்தம் கேட்டால் கதவைத் தட்டுங்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் கூடப் போங்கள். பக்கத்தில் நீங்கள் நின்றால், டாக்டரைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரும்.