உங்கள் நாக்கு யாருடையது?

சென்னையில் ஒரு நண்பர் வீட்டு விருந்து. மொத்தம் எட்டுப் பேர். வெளிநாட்டிலிருந்து துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த பிரெஞ்சு சிவப்பு ஒயினை நண்பர் திறந்தார். விலையை முதலில் சொன்னார், பிறகு ஊற்றினார். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே மழையில் நனைந்து மூலையில் கிடந்த கோணிச் சாக்கின் வாடை அடித்தது. ஒரு வாய் குடித்தேன். பழத்தின் சுவடே இல்லை. சுற்றிலும் பார்த்தேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு "ஆகா" என்றார். இன்னொருவர், "இதெல்லாம் தனி ரகம் சார், நம்ம ஊர்ல கிடைக்காது" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அது கெட்டுப்போன ஒயின். புட்டியை அடைக்கும் கார்க்கில் பூஞ்சைகளின் வேலையால் ட்ரைகுளோரோஅனிசோல் என்றொரு சேர்மம் உண்டாவதுண்டு. ஒரு லிட்டர் ஒயினில், கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் பங்கில் சில இருந்தாலே போதும். பழ மணம் செத்து ஈரச் சாக்கு வாடை எழும். குடிப்பவருக்கு அதனால் கேடு எதுவுமில்லை. நல்ல உணவகங்களில் இப்படிப்பட்ட புட்டியை வாடிக்கையாளர் திருப்பினால் வேறு கொண்டுவந்து வைப்பது வழக்கம்.

அன்றிரவு வீடு திரும்பும்போது என்னை உறுத்தியது அந்த ஒயின் அல்ல. சாமியார் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதவன், பஞ்சாங்கம் பார்க்காமல் வீடு குடிபோனவன், ஒரு புட்டியில் ஒட்டிய காகிதத்துக்கு முன்னால் என் மூக்கு சொன்னதை மறைத்துவிட்டேன். பகுத்தறிவு என்பது கோயில் வாசலில் மட்டும் எடுத்து மாட்டிக்கொள்ளும் சட்டையா? விலையும் முத்திரையும் அந்நிய உச்சரிப்பும் சேர்ந்து கேட்கும்போது நாம் கொடுத்துவிடும் வணக்கமும் மூடநம்பிக்கைதான் என்பது என் துணிபு.

அந்தக் காகிதம் எப்படி அதிகாரம் பெற்றது என்று பார்ப்போம். 1855இல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி. மூன்றாம் நெப்போலியன், நாட்டின் சிறந்த ஒயின்களை வரிசைப்படுத்தி வைக்கச் சொன்னார். போர்தோ நகரத்து ஒயின் தரகர்கள் ஒரு பட்டியல் எழுதினார்கள். எதை வைத்து? சந்தையில் எந்தப் பண்ணை ஒயின் என்ன விலைக்குப் போய்வந்ததோ அதை வைத்து. சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் நான்கே பண்ணைகள். அந்தப் பட்டியல் இன்றும் நிற்கிறது. 170 ஆண்டுகளில் ஒரே ஒரு பண்ணைதான் படி ஏறியிருக்கிறது. இரண்டாம் படியில் இருந்த மூத்தோன் ரோத்ஷில்ட், உரிமையாளர் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 1973இல் முதல் படிக்கு வந்தது. அன்றைய விவசாய அமைச்சர் ஜாக் சிராக் கையெழுத்திட்டார். கீழே இறங்கிய பண்ணை எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு: படி பண்ணையின் பெயருக்குத்தான், மண்ணுக்கு இல்லை. அதே வட்டாரத்தில் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டால், நேற்றுவரை பேரில்லாத அந்தத் திராட்சையும் இன்று உயர்குலம்.

ஒரு காலத்தின் சந்தை நிலவரத்தை எழுதிவைத்து, அதையே பிறப்பின் தகுதியாக்கி, ஏறவும் இறங்கவும் வழியில்லாமல் பூட்டுவது. இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பண்ணைகளின் ஒயின் மோசம் என்று நான் சொல்லவில்லை. பலவும் அருமையானவை என்பதே என் அனுபவம். ஆனால் அருமையை ஒவ்வோர் ஆண்டும் கோப்பையில் நிரூபிக்க வேண்டும், பட்டியலில் அல்ல.

நிரூபிக்கச் சொன்ன நாள் ஒன்று வந்தது. 1976 மே 24. பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களை உட்காரவைத்து, பெயர் தெரியாமல் ஒயின்களை ஊற்றினார். பிரான்சின் பெரிய பெயர்களும் கலிஃபோர்னியாவின் புது ஒயின்களும் கலந்திருந்தன. வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கே போனது. சிவப்பில் வென்ற ஸ்டாக்ஸ் லீப் 1973ஆம் ஆண்டு ஒயின். அது தோற்கடித்தவற்றில் மூத்தோனும் ஒன்று. ஒரு நடுவர் ஒரு வெள்ளை ஒயினைச் சுவைத்துவிட்டு பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்ந்தாராம். கோப்பையில் இருந்தது கலிஃபோர்னியா. முடிவு வெளியானதும் இன்னொரு நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். அதே நாக்கு, அதே ஒயின். பெயர் தெரிந்ததும் தீர்ப்பு மட்டும் சுட்டது.

இதைவிட என்னை யோசிக்கவைத்தது 2001இல் வெளியான ஒரு போர்தோ ஆய்வு. ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினையே மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கென்று இருக்கும் சொற்களாலேயே மாணவர்கள் அதை வர்ணித்தார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். கண் முந்திக்கொண்டு சொன்னதை மூக்கு வழிமொழிந்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் எனக்கும் நடப்பதும் அதுவே.

2008இல் கலிஃபோர்னியாவில் இன்னோர் ஆய்வு. இருபது பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொன்னார்கள். 90 என்று கேட்டபோது அது அதிகம் பிடித்தது. வாயளவில் மட்டும் இல்லை. இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. விலையே சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது.

இங்கே ஒருவர் கேட்பார்: "இன்பம் உண்மையானது என்று மூளையே காட்டுகிறதே, பிறகென்ன? நம்பினால் ருசிக்கிறது, விடேன்." இந்த வாதத்தை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். நம்பினால் நிம்மதி கிடைக்கிறது, பரிகாரம் செய்தால் மனம் லேசாகிறது, உனக்கென்ன நஷ்டம்? நிம்மதி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு யாரோ ரசீது போடுகிறார்கள். நம்பிக்கையை விற்கலாம் என்று தெரிந்ததும் போலி பின்னாலேயே வந்துவிடும்.

வந்தது. ரூடி குர்னியாவான் என்ற இளைஞர் தன் கலிஃபோர்னியா வீட்டில் சாதாரண ஒயின்களைக் கலந்து, பழைய முத்திரைகளை அச்சடித்து ஒட்டி, கோடீசுவரர்களுக்குப் பல ஆண்டுகள் விற்றார். உலகத்தின் அரிய ஒயின்களை அறிந்தவர்கள் என்று பேர் வாங்கியவர்கள் அதைக் குடித்து உருகினார்கள். 2008இல் நியூயார்க் ஏலமொன்றில் பர்கண்டியைச் சேர்ந்த பொன்சோ குடும்பத்தின் க்ளோ சேன் தெனி ஒயின்கள், 1945 முதலான ஆண்டுகளின் பெயரில் விற்பனைக்கு வந்தன. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதோ 1980களில்தான். அவற்றை ஏலத்திலிருந்து விலக்கச் சொன்ன லோரான் பொன்சோ, விலக்கப்படுவதைப் பார்க்க நேரிலும் போனார். 2013இல் குர்னியாவான் குற்றவாளி என்று தீர்ப்பானது. மறு ஆண்டு பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை. அந்த ஏலத்தில் பொய்யைக் காட்டிக்கொடுத்தது நாக்கு அல்ல, ஆண்டுக் கணக்கு.

சரி, ஒயின் பரிமாறும் விதிகள் எல்லாமே ஏமாற்றா? இல்லை. விதியைக் கண்டதும் உடைப்பவனைப் பகுத்தறிவாளன் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு விதியையும் நிறுத்தி "ஏன்?" என்று கேட்க வேண்டும். காரணம் சொன்னால் இருக்கட்டும், சொல்லாவிட்டால் போகட்டும்.

மீனோடு சிவப்பு ஒயின் கூடாது என்பார்கள். இதற்குக் காரணம் உண்டு. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 69 ஒயின்களைச் சிப்பி இறைச்சியோடு வைத்துப் பார்த்தார்கள். இரும்புச் சத்து அதிகமுள்ள ஒயின்களே வாயில் கவிச்சியைக் கிளப்பின. சிவப்பு ஒயின்களில் இரும்பு கூடுதலாக இருப்பது வழக்கம், எல்லாவற்றிலும் அல்ல. ஆகவே இது தடை இல்லை, எச்சரிக்கை. காரமான வஞ்சிரக் குழம்போடு நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். கவிச்சியைவிட எரிச்சல்தான் பெரிதாக இருந்தது, ஏனென்றால் ஆல்கஹால் மிளகாயின் காரத்தை ஏற்றிவிடும். எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடித்தால் நான் யார் தடுக்க?

ஒரு மணி நேரம் முன்பே மூடியைத் திறந்துவைத்தால் ஒயின் "மூச்சு விடும்" என்பது இன்னொன்று. காற்றுப்பட்டால் மணம் மாறுவது உண்மை. ஆனால் புட்டியின் கழுத்தில் காற்றைத் தொடும் பரப்பு ஒரு நாணயத்தளவு. அதில் எவ்வளவு காற்று போகும்? காற்றுப்பட வேண்டுமானால் ஜாடியில் ஊற்றுங்கள், கோப்பையில் சுழற்றுங்கள்.

சிவப்பு ஒயினை "அறை வெப்பநிலையில்" பரிமாற வேண்டும் என்பதைப் பலர் வேதமாகச் சொல்கிறார்கள். எந்த அறை? வீடு முழுதும் சூடேற்றும் வசதி வருவதற்கு முந்தைய ஐரோப்பிய வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி இருக்கும். சென்னை மே மாதத்து அறையில் 33 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி மூக்கைக் குத்தும், பழம் மறையும். நான் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கிறேன். துவர்ப்பு மிகுந்த ஒயினை ரொம்பக் குளிரவைத்தால் துவர்ப்பு தூக்கலாகிவிடும் என்பதால் அதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். விதி ஒன்றுதான், ஊர் வேறு. காரணம் தெரிந்தவனுக்கு மாற்றிக்கொள்ளத் தெரியும். மனப்பாடம் செய்தவன் சூடான ஒயினைக் குடித்துக்கொண்டிருப்பான்.

தண்ணீர் கலப்பதைப் பாவம் என்பார்கள். பழைய கிரேக்கர்களோ, தண்ணீர் கலக்காமல் குடிப்பதைத்தான் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். ரோமர்களும் கலந்தே குடித்தார்கள். அவர்களுடைய ஒயின் நம் கரைக்கும் வந்தது: 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த மத்தியதரைக்கடல் சாடித் துண்டுகளில் ஒயின் சாடிகளும் உண்டு. யவனர் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்துவதைப் புறநானூறும் பேசுகிறது. இன்றும் ஸ்பெயின் நாட்டுக்காரர் கோடையில் சிவப்பு ஒயினில் எலுமிச்சைச் சோடாவும் ஐஸும் போடுகிறார். பாஸ்க் இளைஞர் கோலாவே ஊற்றுகிறார். அவர்கள் திராட்சை விளையும் மண்ணின் பிள்ளைகள். ஐஸ் கேட்டதற்காக ஒருவரைப் பட்டிக்காட்டான் என்று பார்ப்பவர், ஒயினின் வரலாறு முழுவதையும் பட்டிக்காடு என்கிறார்.

சொற்களிலும் அடிமைத்தனம் வேண்டாம். பிளாக்கரன்ட் பழ மணம், தேவதாரு மணம் என்று புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பவர் அவற்றை முகர்ந்ததுண்டா? ஐரோப்பியர் டானின் என்று பேசுவதைத் துவர்ப்பு என்று அறுசுவையில் ஒன்றாக வைத்த மொழி நம்முடையது. வாழைப்பூவும் நெல்லியும் கடுக்காயும் பாக்கும் தின்று வளர்ந்த நாக்குக்குத் துவர்ப்பின் படிகளை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். எனக்குப் பிடித்த ஒயினைக் கேட்டால், நாவற்பழம் தின்று முடித்தபின் நாக்கில் நிற்பது போன்றது என்பேன். இதைவிடச் சரியான சொல் எனக்கு எந்த மொழியிலும் கிடைக்கவில்லை.

இனி எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம். ஒயின் குடிப்பவர் ரசிகர், டாஸ்மாக் வாசலில் நிற்பவர் குடிகாரர். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? கணக்குப் போடுவோம். 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால். 13.5 சதவீத ஒயின் ஒரு முழுப் புட்டியில் ஏறக்குறைய 80 கிராம். இரவு விருந்தில் மெல்லிய கண்ணாடிக் கோப்பையில் ஒரு புட்டியை முடிப்பவர், தெருமுனையில் பிளாஸ்டிக் தம்ளரில் ஒரு குவார்ட்டரை முடிப்பவரைவிட அதிகம் குடித்திருக்கிறார். கல்லீரலுக்குப் பிரெஞ்சு தெரியாது.

"சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்பது இந்தப் பிரிவினைக்குப் போட்ட மருத்துவப் பூணூல். 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று பிரெஞ்சுக்காரரின் இதய நலத்தை ஒயினோடு சேர்த்துப் பேசியது. அமெரிக்காவில் விற்பனை எகிறியது. ஒயினில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைப் புகழ்ந்து எழுதிய ஆய்வாளர் ஒருவரின் தாள்களில் 145 இடங்களில் புனைவும் திருத்தலும் இருந்ததாக அவருடைய கனெக்டிகட் பல்கலைக்கழகமே 2012இல் அறிவித்தது. மதுபானங்களைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. நான் எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பது பிடித்திருப்பதால். அது எனக்கு நல்லது என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். குடிக்காதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டியதுமில்லை.

அந்த விருந்து நடந்து பல மாதம் கழித்து, "ஆகா" என்றவரைச் சந்தித்தேன். "அன்னைக்கு ஒரு வாடை அடிச்சுதே, உங்களுக்கும் அடிச்சுதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மூன்று தம்ளர் எடுங்கள். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. ஒயின்தான் வேண்டும் என்றில்லை. பெரிய கடையின் டிகிரி காபியும் தெருக்கோடிக் கடைக் காபியும் போதும். விலையும் பெயரும் சொல்லாமல் வேறொருவர் ஊற்றித் தரட்டும். எது வேறு என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வந்துவிடும், அதனால் பத்து முறையாவது செய்யுங்கள். தெரிந்தால் தெரிகிறது என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.