சிரிக்காமலிருக்கும் சுதந்திரம்

ஒரு ஜோக்குக்குச் சிரித்தவன் அந்த ஜோக்கின் கருத்துக்குச் சம்மதம் தந்துவிட்டவனா என்ற கேள்வி பழையது. சிரிப்பு தும்மலைப்போல உடம்பில் நிகழ்வது, யோசனை பிந்தித்தான் வருகிறது, எனவே சிரித்தவனைப் பொறுப்பாளியாக்க முடியாது என்பது ஒரு கட்சி. தும்முவதற்குத் துணை தேவையில்லை, சிரிக்கத் தேவை, தனியே இருப்பவன் அநேகமாகச் சிரிப்பதில்லை, ஆகவே அது கூட்டுச் செயல், கூட்டுச் செயலுக்குப் பொறுப்பும் உண்டு என்பது எதிர்க்கட்சி. 1900இல் வெளிவந்த பெர்க்ஸனின் சிரிப்பு பற்றிய நூல் இரண்டாவது கட்சிக்கு வலுவூட்டுகிறது. சிரிப்பு எப்போதும் ஒரு குழுவின் சிரிப்பு என்கிறார் அவர். சிரிக்கிற நேரத்துக்காவது இதயம் சற்று மரத்துப்போயிருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்.

இரண்டு கட்சிகளும் சிரிப்பவனைப் பற்றியே பேசுகின்றன. சிரிக்காமலிருக்க யாருக்கு முடிகிறது என்று இரண்டும் கேட்பதில்லை. நான் கேட்க விரும்புவது அதைத்தான்.

ஸ்டாண்ட்-அப் காமெடி என்று இன்று வழங்கும் கலையை நம் வட்டத்தில் கவனத்துக்குரியதாகக் கருதும் பழக்கம் இல்லை. ஒரு மைக், ஒரு ஸ்டாண்டு, ஓர் ஆள். வேஷம் கிடையாது, கதை கிடையாது, பின்பாட்டு கிடையாது. பேசுகிறவன் 'நான்' என்றே பேசுகிறான். அந்த 'நான்' அவன் முகமா முகமூடியா என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. பல சமயங்களில் அவனுக்கே தெரியாது என்று எனக்குப் படுகிறது. கவிதையில் தன்மை ஒருமை எழுப்புகிற சிக்கல்களைப் பற்றி இத்தனை எழுதித் தீர்த்திருக்கும் நமக்கு இந்தக் கலையும் கொஞ்சம் யோசனைக்கு உரியதுதான்.

சென்னையில் ஒரு பழைய பங்களாவின் தோட்டத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். மாமரத்தடியில் ஒரு மரப்பலகை மேடை. எதிரே எண்பது பேருக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கால்மாட்டில் கொசுவர்த்திச் சுருள்கள், மதிலுக்கு வெளியே பஸ் சத்தம். இந்தக் கலை பழகியிருப்பது தாழ்ந்த கூரையும் மங்கிய வெளிச்சமும் உள்ள அறைகளுக்கு. அங்கே சிரிப்பு கூரையில் மோதித் திரும்பி வந்து அடுத்தவனையும் சிரிக்க வைக்கும். திறந்த வெளியில் மேலே போன சிரிப்பு திரும்புவதில்லை. எனவே பேசுகிறவன் இன்னும் பலமாக முயல வேண்டியிருக்கிறது. எளிதில் கைக்கு அகப்படும் இலக்குகளைத் தேட வேண்டியும் இருக்கிறது.

பேசிய இளைஞர் திறமைசாலி. அடுக்ககங்களின் வாட்ச்மேன்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். காருக்குச் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறப்பவர், ஸ்கூட்டரில் வருகிறவனை நிறுத்தி நோட்டில் பேர் எழுதச் சொல்வது. அந்த நோட்டில் ஆளாளுக்குக் கண்ட பேரை எழுதிவைப்பது. அதை உலகத்தில் ஒருவரும் படிக்காதது. தூக்கத்திலிருந்து பாதி எழுந்து அடிக்கும் சல்யூட். கவனிப்பு நுட்பமானது, நடிப்பும் அப்படியே. கேட்டருகே, நாற்காலி வரிசைகளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்டூலில், அந்த பங்களாவின் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். முன்வரிசையில் ஒருவர் திரும்பி அவரைக் கவனித்து மற்றவர்களுக்குக் காட்ட, எண்பது தலைகள் திரும்பின. "அண்ணே, உங்களைச் சொல்லலை" என்றார் இளைஞர். பெரிய சிரிப்பு. "அண்ணனுக்கு ஒரு கைதட்டல் குடுங்க" என்றார். கை தட்டினார்கள். அவரும் சிரித்தார், லேசாக எழுந்து நின்று.

அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? அவர் ரசித்துச் சிரித்திருக்கலாம். தம் தொழிலை இத்தனை துல்லியமாக ஒருவர் பார்த்திருக்கிறாரே என்ற மகிழ்ச்சியாகவும் இருக்கலாம். சம்பளம் வாங்கும் இடத்தில் காட்ட வேண்டிய மரியாதையாக இருக்கலாம். அல்லது இந்தப் பையனுக்கு என்ன தெரியும் என்ற சிரிப்பு. அவருடைய மனதை நான் ஊகித்து எழுதினால் அது இன்னொரு மிமிக்ரி ஆகிவிடும். அவர் புண்பட்டார் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமுமில்லை. ஆனால் அவர் நிலையைப் பற்றி ஒன்றை நிச்சயமாகச் சொல்ல முடியும். அந்தத் தோட்டத்தில் சிரிக்காமலிருக்க முடியாத ஒரே ஆள் அவர். நாற்காலியிலிருந்தவர்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், எழுந்து போகலாம். அவர் எழுந்து போனால் வேலை போய்விடும். முகத்தை இறுக்கிக்கொண்டால் 'விளையாட்டுப் புரியாதவர்' ஆகிவிடுவார். கைதட்டல் அந்தக் கடைசிக் கதவையும் சாத்திவிட்டது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. பேராசிரியர் தம் உரையில் எள்ளலை மேலும் இரண்டாக்குகிறார். பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைத் தனியாக எண்ணிவைத்த கூர்மை எனக்கு வியப்பளிக்கிறது. ஃபிராய்ட் 1905இல் எழுதிய ஜோக்குகள் பற்றிய நூலில், உள்நோக்கம் கொண்ட ஜோக்குக்கு மூன்று பேர் வேண்டும் என்கிறார்: சொல்கிறவன், சொல்லப்படுகிறவன், கேட்டுச் சிரிக்கிற மூன்றாமவன். அவருடைய ஏற்பாட்டில் இரண்டாமவன் வேலை இலக்காக இருப்பதோடு சரி. சிரிப்பு மூன்றாமவன் பங்கு. நம் உரைகாரரோ, இலக்கானவனின் வாயிலும் ஒரு சிரிப்பு உண்டு, அது வேறு வகை, தனியே கணக்கிட வேண்டியது என்று உணர்ந்திருக்கிறார்.

திறந்த வெளி செய்வது இந்த இரண்டாமவனைக் காதுகேட்கும் தூரத்தில் கொண்டுவந்து வைப்பது. அறைக்குள் ஒரு மௌன ஒப்பந்தம் இருக்கிறது: டிக்கெட் வாங்கியவர்கள், இன்னது கேட்போம் என்று தெரிந்து வந்தவர்கள். தோட்டத்தில் மதிலுக்குள்ளேயே ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர் இருக்கிறார். தெருக்கூத்தின் கட்டியங்காரன் எப்போதும் இந்த நிலைமையில்தான் பேசிவந்திருக்கிறான். அவனுக்கு அறை கிடையாது. ராஜாவைக் கேலி செய்கிறான், ஊர்ப் பெரியவர்களைக் கேலி செய்கிறான், அவர்களும் எதிரே இருக்கிறார்கள், பதிலும் வருகிறது. இதை வைத்துக் கூத்தைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. யார் எங்கே உட்காருவது, யார் எட்ட நிற்பது என்பதை ஊர் முன்கூட்டியே தீர்மானித்திருந்த இடங்கள் பல. எட்ட நின்றவனைப் பற்றிய கேலிக்கு அவனிடமிருந்து பதில் வர வழியிருந்ததா? அங்கும் அவன் சிரித்திருப்பான். பேராசிரியரின் இரண்டாவது வகைச் சிரிப்பு.

இன்று எல்லா நிகழ்ச்சிகளும் திறந்தவெளி நிகழ்ச்சிகள்தாம். செல்போன் சுவர்களை எடுத்துவிட்டது. 2025 மார்ச் 23 அன்று குனால் காம்ரா, மும்பையில் ஹாபிடாட் என்ற சிறிய அரங்கில் தாம் முன்பு நிகழ்த்திய காட்சியைப் பதிவேற்றினார். அதில் மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டே பற்றிய கேலி இருந்தது. அன்றிரவே ஷிண்டே கட்சித் தொண்டர்கள் அரங்கை அடித்து நொறுக்கினர். மறுநாள் மாநகராட்சி ஆட்களும் இடிக்க வந்தார்கள். காம்ரா விழுப்புரம் மாவட்டவாசி என்ற முறையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, மார்ச் 28 அன்று இடைக்கால முன்ஜாமீன் பெற்றார். அதற்கு முன், 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஒரு காபி விடுதி அரங்கில் முனாவர் ஃபாரூக்கி கைதானார். சொன்ன ஜோக்குக்கா, சொல்லப்போவதாகக் கருதப்பட்ட ஜோக்குக்கா என்பதே கடைசிவரை தெளிவாகவில்லை. உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5 அன்று ஜாமீன் அளிக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறை.

'காதில் விழுந்தவன் புண்பட்டான்' என்ற வாதம் இந்த இடங்களிலும் எழுகிறது. ஆகவே வாட்ச்மேனைப் பற்றி நான் சொன்னதும் இதுவும் ஒன்றுதானே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். அந்த மடக்குதல் நியாயமானது. இரண்டையும் பிரிக்க ஓர் அளவுகோல் இல்லாவிட்டால், எளியவர் பேரால் பேசத் தொடங்கி வலியவர் கையில் தடியைக் கொடுத்துவிட்டு முடிப்போம்.

அளவுகோல் புண்பட்ட ஆழமாக இருக்க முடியாது. ஆழத்தை அளக்கும் கருவி இல்லை. சத்தத்தைத்தான் அளக்க முடியும், சத்தம் போட வல்லவர்களே ஜெயிப்பார்கள். சட்டத்தின் கதையும் இதுதான். அது ஜோக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகிறது. 1964இல் நியூயார்க்கின் கஃபே ஆ கோ கோவில் பேசியதற்காக லென்னி ப்ரூஸ் ஆபாச வழக்கில் விசாரிக்கப்பட்டார். கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் அந்தக் குறிப்புகளைக் கொண்டு சாட்சி சொன்னார். அந்த ஆள் மோசமாக நிகழ்த்திக் காட்டியதற்குத் தாம் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கிறதே என்பது ப்ரூஸின் புகார். அது வெறும் வேடிக்கை இல்லை. குரலும் இடமும் நேரமும் போன பிறகு மிஞ்சுகிற சொற்கள் ஜோக் ஆகா. தண்டனை கிடைத்தது, மேல்முறையீடு முடியுமுன் 1966இல் இறந்தார், மன்னிப்பு 2003இல் வந்தது.

என் அளவுகோல் எளியது. இந்தச் சிரிப்பை மறுத்தால் இவனுக்கு என்ன நஷ்டம்? இந்தூரில் மேடையேறியவர்களுக்குச் சிரிக்காமலிருப்பதில் நஷ்டம் எதுவுமில்லை. வெளியே தெரு இருந்தது. துணை முதல்வருக்கு ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பாராமலிருக்கும் சௌகரியம் தாராளமாக உண்டு. அவர்களுக்குச் சிரிக்காமலிருக்கும் சுதந்திரம் முழுமையாக இருந்தது. அவர் சார்பில் கோபப்பட்டவர்கள் மறுத்தது மற்றவர்களுடைய சுதந்திரத்தை: சிரிக்கும் சுதந்திரத்தை. ஸ்டூலில் இருந்தவரின் கதை தலைகீழ். அவருக்காக எந்த அரங்கமும் நொறுங்காது, எந்தப் பிரிவிலும் வழக்குப் பதிவாகாது. புண்படும் உரிமையும் நம் நாட்டில் பங்கிட்டுத்தான் தரப்பட்டிருக்கிறது.

அப்படியானால் வாட்ச்மேனைப் பற்றி ஜோக்கே கூடாதா? கூடாதென்று நான் சொல்லவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றிய ஜோக் நல்ல ஜோக். காருக்கு ஒரு நியாயம் ஸ்கூட்டருக்கு ஒரு நியாயம் என்பதில், நாற்காலியிலிருந்த எங்கள் மேல்தான் உண்மையான அடி. குறை ஜோக்கின் பொருளில் இல்லை. திரும்பிய தலைகளிலும் கேட்டு வாங்கிய கைதட்டலிலும் இருந்தது. இலக்கானவரிடமிருந்து சம்மதக் கையெழுத்தாக ஒரு சிரிப்பை அங்கேயே பிடுங்கியதுதான் கூடாதது. அந்தக் கையெழுத்து கிடைத்ததும் எங்களுக்கு மனம் லேசாயிற்று. அவரே சிரிக்கிறாரே என்று.

சிரிப்பைக் கேட்காத ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2020 ஜூன் 6 அன்று, பெருந்தொற்றின் மத்தியில், அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், டேவ் ஷப்பல் திறந்த வெளியில் பேசினார். மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஒரு போலீஸ்காரரின் முழங்காலின் கீழ் மூச்சடங்கிப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில் முகக்கவசத்தோடு மனிதர்கள். பதிவின் தலைப்பு 8:46, முழங்கால் கழுத்தில் இருந்ததாக அப்போது சொல்லப்பட்ட நிமிஷமும் விநாடியும்; பின்னர் விசாரணையில் அது ஒன்பது நிமிஷம் இருபத்தொன்பது விநாடி என்று தெரிந்தது. இருபத்தேழு நிமிஷப் பதிவில் நெடுநேரம் சிரிப்பில்லை. இது வேடிக்கையானதல்ல என்று அவரே சொல்லிக்கொள்கிறார். பதிவைப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான்: ஒரு நகைச்சுவையாளன், தன் முன் இருப்பவர்களை அவர்கள் முகத்திலிருந்து விடுவித்துவிட்டான். கவசத்துக்குள் யார் சிரித்தார், யார் சிரிக்கவில்லை என்று கணக்கெடுக்க ஆளில்லை. அங்கங்கே எழுந்த சிரிப்பு, அதனால்தான், கேட்டு வாங்காத சிரிப்பு.

நகைச்சுவைக்கு அறம் கற்பிக்கப் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் பட்டியல் போடுகிறார்கள்: இன்னாரைப் பற்றிப் பேசலாம், இன்னாரைப் பற்றிப் பேசக்கூடாது. பட்டியல் ஒவ்வோர் ஆட்சியிலும் மாறும். நான் கேட்பது ஒரு பொருளை விலக்கச் சொல்லி அல்ல, ஓர் இடத்தை விட்டுவைக்கச் சொல்லி. சிரிக்காதவன் நஷ்டமில்லாமல் உட்கார்ந்திருக்க ஓர் இடம்.

இதை மேடைக்காரர்களுக்கு மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஐம்பது பேர் படிக்கும் பத்திரிகைகளைச் சுற்றி நாமும் மாலைகளில் கூடுகிறோம். வராத எழுத்தாளன் ஒருவனின் வாக்கியத்தை ஒருவர் ராகம் போட்டுப் படித்துக் காட்டுவார். அவன் உச்சரிப்பை, அவன் ஊரை, அவன் பார்க்கும் உத்தியோகத்தை இன்னொருவர் நடித்துக் காட்டுவார். வட்டம் சிரிக்கும். அவ்வட்டத்தில் அன்றுதான் முதல் தடவையாக வந்து, சுவரோரம் நிற்கும் இளைஞன் ஒருவன், அதே ஊரிலிருந்து வந்தவனாகவும் இருக்கலாம். அவனும் சிரிப்பான். அவன் சிரிக்காமலிருந்தால் அடுத்த இதழில் அவன் கவிதை வருமா என்பதை, அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.