ஒரு நாள்தானே!

செய்த தீமை குற்றம் என்பதை எவரும் ஒப்புவர். செய்யாது விட்ட நன்மையும் குற்றமாகுமா? இவ்வினாவை முதியோர் இல்லத்துக் கட்டிலருகே நின்று ஆராய்தல் நலம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களுள் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது வயதினர், அல்லது அதனைக் கடந்தோர். இந்திய மாநிலங்களுள் இதுவே மிகுதி. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களிலும் பிள்ளைகள் பிழைப்பு நாடிக் கடல் கடந்திருக்க, பிறர் கையை நம்பிக் கிடக்கும் முதியோர் உளர்.

பக்கவாதத்தால் கைகால் வீழ்ந்தவர்க்கு மருந்தைப் போலவே இயன்முறைப் பயிற்சியும் இன்றியமையாதது. இழந்த இயக்கம் பெரும்பாலும் முதல் மூன்று திங்களில் மீளுகிறது. அசையாது கிடப்பின் தசை மெலியும், மூட்டு இறுகும், படுக்கைப்புண் தோன்றும். பயிற்சியாளர் வாராத அன்று, "ஒரு நாள்தானே" என்கிறோம். மறுவாரமும் அதையே சொல்கிறோம். முடிவில், நடந்திருக்கக் கூடியவர் படுக்கையிலேயே தங்கிவிடுகிறார். அவரைக் கிடத்தியவர் யார்? பெயர் சொல்ல ஒருவரும் இல்லை!

நாம் பஞ்சாலையில் நூற்புப் பொறியின் முன் நின்ற காலத்தில், இழை அறுந்தால் உடனே ஒட்டுவோம். தாழ்த்தினால் பஞ்சு கழிவாகும். தொழிலாளி ஒரு நாள் வாராவிடின் பதிவேட்டில் குறிப்பர், கூலியைப் பிடிப்பர். நூலுக்குள்ள கணக்கு மனிதன் காலுக்கு வேண்டாமா?

"தீய எண்ணம் இல்லாதபோது குற்றம் ஏது?" என்பர் சிலர். வினைக்கு மூலம் எண்ணமே, மெய்தான். ஆயினும் அசட்டையும் ஓர் உள்ளநிலையே அன்றோ? வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவான் புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து நீராட்டிக் கட்டிலில் கிடத்தினார். ஏனைய பிக்குகள் அவருக்குத் தீங்கிழைத்தாரல்லர். தங்களுக்கு அவரால் பயனில்லை என்று கவனியாது விட்டனர். அதனையே பகவான் கடிந்தார்.

தவிர்க்கவியலாத் தடையும் உண்டு. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் முதியோரை வெளியார் காணாது காத்தனர். அத்தகைய நாளிலும், கால் மடக்கி நீட்டும் எளிய பயிற்சியை முன்னரே கற்ற பணிப்பெண் செய்விக்கலாகும். 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய நோய்த்தணிப்புத் தொண்டு, அயலாரையே பழக்கி நோயாளர் வீடுகளுக்கு அனுப்பியது. 2008இல் கேரள அரசு இத்தொண்டுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. ஆதலின் ஆளில்லை என்பது முழு விடையாகாது.

அன்பர்களே! முதியோர் இல்லத்திற்குப் பழமும் துணியும் கொண்டு செல்கிறீர்கள், நன்று. இனிச் செல்லும்போது, "சென்ற வாரம் பயிற்சி எத்தனை நாள் நடந்தது?" என்னும் கேள்வியையும் கொண்டு செல்லுங்கள். விடையைக் கட்டிலில் கிடப்பவரிடமே கேளுங்கள்.