விருதும் மெய்ம்மையும்

அறிவைப் போற்றுதல் சமுதாயத்தின் கடன் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், அப்போற்றுதல் எதன்பொருட்டு என வினவுமிடத்தே சிக்கல் எழுகின்றது. போற்றப்படுபவர் பொருட்டா, மெய்ம்மையின் பொருட்டா, அன்றிப் போற்றுவோர் பொருட்டா?

பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனின் (1922–2001) வாழ்வு இவ்வினாவைத் தெளிவாக முன்வைக்கின்றது. தோலிலும் எலும்பிலும் அமைந்த கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்குண்ட அமைப்புடையது என்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்திலே கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து அவர் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். புரதச் சங்கிலி எக்கோணங்களில் மடங்கலாம், எக்கோணங்களில் அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கும் என்பதைச் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் ஒரு வரைபடமாக வகுத்தார். புரத அமைப்புக்களைச் சரிபார்ப்போர் இன்றும் அதனை நாடுகின்றனர். எனினும் நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனோ ரைபோசோமின் அமைப்பு ஆய்வுக்காக 2009இல் வேறிருவரோடு அப்பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

பரிசு பெறாமையால் இராமச்சந்திரனின் வரைபடத்தில் ஒரு கோணமேனும் பிழையாயிற்றா? இல்லை. மெய்ம்மை விருதை வேண்டி நிற்பதில்லை. அவ்வாறாயின் விருது வீணெனலாமா? அதுவும் பொருந்தாது. எது ஆராயத்தக்கது என்பதை அது இளையோருக்குச் சுட்டுகின்றது. எனவே விருதின் குறை, ஒருவருக்குக் கிட்டாமற் போவதினும், சில வினாக்களை இருளில் விட்டுவிடுவதிலேயே பெரிதாகின்றது.

வன்னியில் அத்தகைய வினா ஒன்றுண்டு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னதென இன்னும் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா மாவட்டத்து விவசாயக் கிராமங்களையும் பற்றியுள்ளது. நீரின் புளோரைட்டு, கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் நீரிழத்தல் எனக் கருதுகோள்கள் பல. இவற்றைச் சோதிப்பதில் உயிரிரசாயனத்துக்குப் பெரும்பங்குண்டு. கிணற்று நீரையும் குருதியையும் ஆண்டுக்கணக்கில் அளந்து, "இது காரணமன்று" என நிறுவுபவருக்கு எவரும் மாலை சூட்டுவதில்லை. ஆயினும் அத்தகைய மறுப்புக்கள் பல சேர்ந்தே உண்மைக்காரணத்தை அணுகச் செய்யும்.

உள்ளூர்த் தேவையை நோக்கிப் போற்றினால் ஆய்வின் தரம் தாழுமெனச் சிலர் அஞ்சலாம். வினாவைத் தெரிவு செய்வது தேவை. விடையை அளப்பது முறைமை. முறைமையில் தளர்வு கூடாது. தெரிவில் நாணமும் வேண்டியதில்லை.

2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. விடை கண்டவரை உலகம் போற்றும். விடை காணுமுன் வினாவை விடாது பற்றிநிற்பவரைப் போற்றுதல், அவ்வினாவால் வருந்தும் மண்ணுக்கே உரிய கடனாம்.