மனம் அடங்க ஓசை அடங்கட்டும்



பொத்தேரி பக்கம் குடியேறிய அன்புக்கொடி மக்கள் பலருக்கும் உள்ள குறை இது. தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு, கண்ணாடி முன் உகப்படிப்புக்கு நின்றாலும் மனம் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ், லாரிகளின் ஏர் ஹாரன். இன்னொரு பக்கம் கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயில், நடுவில் தென்மாவட்டம் போகும் விரைவு வண்டிகள். பாதிப் படிப்பில் அடுத்த அடி மறந்துபோகிறது. "பக்தி குறைந்துவிட்டதோ" என்று சிலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

அப்படி நோக வேண்டியதில்லை. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு மூடி இல்லை. தூக்கத்திலும் காது விழித்தே இருக்கிறது. திடீர் ஓசை வந்தால் உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். அட்ரினலின், கார்ட்டிசால் என்ற சுரப்புகள் ரத்தத்தில் கலக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். வண்டி போன பிறகும் உடம்பு அடங்கச் சற்று நேரம் பிடிக்கும், அதற்குள் அடுத்த ஹாரன் வந்துவிடும். "எங்களுக்குப் பழகிவிட்டது" என்பார்கள். பழகியது மனந்தான். சாலை இரைச்சலிலேயே பல காலம் வாழ்வோருக்கு இதய நோய் கூடுதலாக வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் எச்சரித்திருக்கிறது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பள்ளி ஒன்றை ஒட்டி, மேம்பாலத் தண்டவாளத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் அறிஞர் அங்கே ஆராய்ந்து 1975-ல் எழுதினார். ரயில் பக்கத்து வகுப்பில் படித்த பிள்ளைகள், அதே பள்ளியில் அமைதியான பக்கம் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்தப் பின்னடைவு ஏறக்குறைய ஒரு வருடம்! பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் அட்டை வைத்தார்கள், வகுப்புக் கூரையில் ஓசையை உறிஞ்சும் பலகை பதித்தார்கள். 1981-ல் வந்த அடுத்த ஆய்வில் அந்த வித்தியாசமே இல்லை. மந்தப் பிள்ளைகள் என்று பெயர் வாங்கியிருக்கக்கூடியவர்களுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் அமைதிதான்.

அய்யா வைகுண்டர் பூவண்டன் தோப்பில் ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அந்தக் குழிக்கு ஏடு கற்ற பெரியோர் சொல்லும் தத்துவங்கள் உண்டு, அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் தவத்துக்குத் தோப்பு ஒன்று அமைந்ததே, சந்தைத் தெரு அமையவில்லையே என்பதை யாரும் யோசிக்கலாம்.

வெளி ஓசையைக் குறை சொல்வது எளிது. தாங்கலில் இருந்து வெளியே போகும் ஓசை? பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் தங்காத தெரு குறைவு. அர்த்தமில்லாத இரைச்சலைவிட, அர்த்தமுள்ள பேச்சும் பாட்டும்தான் படிப்பவரின் கவனத்தை அதிகம் இழுக்கும். அது புனிதமான ஏட்டு வாசகமாக இருந்தாலும், நாளைப் பரீட்சைக்குக் கணக்குப் போடும் பிள்ளைக்கு இடைஞ்சல்தான். எளியவரைத் தாங்குவது தர்மம் என்று தினமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இரவு வேலை முடிந்து வந்து தூங்குபவரும் கைக்குழந்தையும் எளியவர்களே.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2000-ம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். அதே ஆண்டு சென்னையில் ஒரு வழிபாட்டு மன்றத்துக்கும் அக்கம்பக்கக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி இரைச்சலும் பேசப்பட்டது. ஆனாலும் ரோட்டில் சத்தம் இருக்கிறது என்பதற்காக ஒலிபெருக்கிக்கு விலக்கு கிடைத்துவிடவில்லை.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிய செலவில்லை. கூம்பு ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு உள்ளே சிறிய பெட்டி ஸ்பீக்கர் போதும். சாலைப் பக்கத்து ஜன்னலைப் படிப்பு நேரத்தில் மட்டும் சாத்தலாம், கனமான திரை போடலாம். தனியே நின்று மனதுக்குள் சொல்வதைவிட எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுப் படித்தால் தன் குரலே தன் காதை நிரப்பும், ஹாரன் அவ்வளவாக உள்ளே வராது.

கார்த்திகையில் திரு ஏடு வாசிப்பு வரும்போதுதான் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வும் நெருங்கும். கல்லூரிகளிலும் அதுவே செமஸ்டர் காலம். வாசிப்பு தொடங்கும் முன்பே பணிவிடைக்காரர் பக்கத்து வீடுகளுக்குப் போய், படிக்கிற பிள்ளை உண்டா, நோயாளி உண்டா என்று விசாரித்து வரலாம். ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அதில் தெரிந்துவிடும். போன கையோடு அன்னதர்மத்துக்கும் அந்த வீட்டாரை அழைத்துவிட்டு வரலாம்.

அய்யா துணை.